அரையாண்டு லீவுக்கு முன்னாடி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

அரையாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. ஸ்போர்ட்ஸ், ஓவியப் போட்டி எல்லாத்துலயும் பசங்க பரிசு வாங்கியிருக்காங்க, பத்தாவதுக்கு ஜனவரியில ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, நேரம் டைரியில வரும். எல்லாருக்கும் வாழ்த்துகள்.

இப்ப சொல்லப்போறதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. போன வாரம் ஒரு அம்மா பொண்ணைக் கூட்டிட்டு என் ரூமுக்கு வந்தாங்க. குழந்தைகள் தினத்துல அவ கரகம் ஆடின போட்டோ, யாரோ ஒரு பெற்றோர் ஆசையா எடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டது, அதை எடுத்து அவ பேர்லயே இன்ஸ்டா அக்கவுண்ட் ஆரம்பிச்சு அவளே பேசுற மாதிரி கூடப் படிக்கிறவங்களுக்கு அசிங்கமா மெசேஜ் போயிருக்கு. அம்மா போனை நீட்டினாங்க, அந்தப் புள்ள நிமிரவே இல்ல, துப்பட்டா நுனியை விரல்ல சுத்திக்கிட்டே நின்னா. மூணு நாளா சாப்பாட்டு டப்பா அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு.

செஞ்சதும் நம்ம பசங்கதான். கூப்பிட்டுப் பேசியாச்சு, வீட்லயும் பேசியாச்சு, பேரைத் தயவுசெஞ்சு யாரும் துருவாதீங்க. அக்கவுண்ட் எப்படிடா திறந்தீங்கன்னு கேட்டா, பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டோம் மிஸ், முதல்ல அப்பாதான் போட்டுக் குடுத்தாருன்னு ஒருத்தன் சொல்றான்.

இன்ஸ்டால அக்கவுண்ட் திறக்க 13 வயசு ஆகியிருக்கணும், அந்தக் கணக்கு சும்மா வரல. 13 ஆகாத பிள்ளைங்க விவரத்தை அப்பா அம்மா சம்மதம் இல்லாம கம்பெனிங்க வாங்கக் கூடாதுன்னு அமெரிக்காவுல 1998லயே சட்டம் போட்டாங்க. ஐரோப்பாவுல நாட்டைப் பொறுத்து 13லேர்ந்து 16 வரைக்கும். ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேர்ந்து 16 ஆகாதவங்க இன்ஸ்டா அக்கவுண்ட் வெச்சிருக்கவே கூடாது, மீறினா அபராதம் கம்பெனிக்கு, பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ இல்ல. நம்ம 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் 18 வயசு வரைக்கும் குழந்தைன்னே சொல்லுது, பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்த்துட்டுதான் விவரம் வாங்கணும். அதோட விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, கம்பெனிங்களுக்கு 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. ஆனா வருஷத்தை நாமளே மாத்திப் போட்டுக் குடுத்தா எந்த நாட்டுச் சட்டம் வந்து என்ன பண்ணும்?

இதைக் கண்டிப்பாவே சொல்றேன். போன்ல இன்னொருத்தரா நடிச்சு ஏமாத்துறது தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 66டி பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். சின்னப் பசங்கன்னா சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். அடுத்த தடவை நடந்தா சைபர் கிரைம் போலீஸ்ல நானே புகார் குடுப்பேன்.

லீவுல ஒரு நாள் பிள்ளைங்களோட உக்காந்து போனைப் பாருங்க, வயசு மாத்தின அக்கவுண்ட் இருந்தா அவங்க கையாலயே எடுக்க வைங்க. மத்தவங்க பிள்ளை போட்டோவை அவங்க வீட்ல கேக்காம குரூப்லயோ ஸ்டேட்டஸ்லயோ போடாதீங்க, அது எவ்ளோ அழகான போட்டோவா இருந்தாலும் சரி.

ஊர் முழுக்கச் சொல்லாம நேரா எங்ககிட்ட வந்த அந்த அம்மாவுக்கும், விஷயம் தெரிஞ்ச உடனே போட்டோவை அழிச்சிட்டு மன்னிப்புக் கேட்ட பெற்றோருக்கும் ரொம்ப நன்றி. கடைசிப் பரீட்சைக்கு அந்தப் புள்ள வந்தப்போ தோழிங்க நாலு பேர் கேட்லயே காத்திருந்து கூட்டிட்டு வந்தாங்க. அவங்க வீட்ல உள்ளவங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியை