ஜனவரி சவால்: பெயர் கொடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 1 முதல் 31 வரை நம் குழுவில் ஒரு மாதச் சவால். பிரிட்டனில் மதுவில்லா ஜனவரி 2013இலும் வீகன் (பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத) ஜனவரி 2014இலும் தொடங்கின, அதே பாணிதான்.

1. மது, சர்க்கரை பானம், விலங்கு உணவு (பாலும் சேர்த்துத்தான்): இவற்றில் ஒன்றை மட்டும் விடுங்கள். போன வருடம் நான் மூன்றையும் விட்டு நான்காம் நாளே கவிழ்ந்தேன்.

2. 330 மில்லி கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழச்சாறு பாட்டிலையும் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

3. தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம். கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். குழுவில் சொல்லத் தேவையில்லை.

4. இரவு 9 மணிக்கு ஒரு டிக் போடுங்கள். ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, மறுநாள் தொடருங்கள்.

டிசம்பர் 30 இரவு 8 மணிக்குள் பெயர், தேர்வு இரண்டையும் இங்கேயே பதிலிடுங்கள். அப்புறம், அதுவரை குட்மார்னிங் படங்கள் வேண்டாமே, பட்டியல் மேலே போய்விடுகிறது.