மார்ஃபின் மாத்திரை எங்கே கிடைக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை வரும் உலக நோய் ஆதரவு சிகிச்சை (தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சை) நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். பரிவு, மன அமைதி, குடும்பத்தின் அரவணைப்பு எல்லாம் இருந்தது. வலியைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அந்த வலிக்கு என்ன மாத்திரை, அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருப்பவன். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

நோய் முற்றியவர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் "இனி வீட்ல வச்சே பாத்துக்கோங்க" என்று சொல்லி, ஒரு மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சீட்டு கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேரும். பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ட்ரமடால், கேஸுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று. கொஞ்ச நாள் இதை வைத்து ஓட்டலாம். அப்புறம் முடியாது.

போன வருடம் ஒரு தறிக்காரர் வந்துகொண்டிருந்தார். அவருடைய அக்காவுக்கு மார்பில் புற்று. கட்டி உடைந்து புண்ணாகி, எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. ராத்திரி நான் ஷட்டரை இறக்கும் நேரம் பார்த்து வருவார். "அண்ணாச்சி, இதைவிட ஸ்ட்ராங்கா ஏதாச்சும் இருந்தா குடுங்க. அக்கா விடிய விடிய கத்துது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக பரீட்சைக்குப் படிக்க முடியலன்னு வையுறாக" என்பார்.

ட்ரமடால் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் உச்சம். அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம். அந்த அம்மாவுக்கு அதைத் தொட்டாயிற்று. அடுத்த படி, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின். லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, அதற்குக் கேட்காவிட்டால் கொடீன் வகை (ட்ரமடாலும் இதில்தான் சேரும்), அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே எழுதி வைத்துவிட்டது. இந்த மூன்றாவது படி என் கடையில் இல்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தாலுகாவில் எந்தக் கடையிலும் இல்லை.

இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் கொடுத்தே, அபின் தரும் கசகசாச் செடி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அபினுக்கென்றே அரசு ஆலைகள் இருக்கின்றன. இங்கே எடுத்த அபின் வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. எங்கள் ஊரில் எலும்புப் புற்றுக்கு டைக்ளோஃபினாக் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

காரணம் கேட்டால் எல்லோரும் சட்டத்தைக் கைகாட்டுவார்கள். 1985-ல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தால் மார்ஃபின் வாங்கி வைக்கப் பல துறைகளில் உரிமம் வாங்க வேண்டியிருந்தது உண்மை. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். ஆனால் 2014-ல் அந்தச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியே பிரிக்கப்பட்டன. மருத்துவமனை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் ஒரே ஓர் அங்கீகாரம் வாங்கினால் போதும். பயிற்சி பெற்ற மருத்துவர் இருக்க வேண்டும், வரவு, செலவு, கையிருப்புக் கணக்கு எழுத வேண்டும், அவ்வளவுதான். கணக்கு எழுதுவது பெரிய பாரமா? 2018-லிருந்து ட்ரமடாலும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. அதற்கு நான் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்?

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. என் கடைக்கு வராத கம்பெனி ரெப் இல்லை. வலிக்காகத் தோலில் ஒட்டி, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றும் ஃபென்டனில் பேட்ச் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அது விலை கூடிய சரக்கு. மார்ஃபின் மாத்திரையைப் பற்றிப் பேச இன்று வரை ஒருவரும் வந்ததில்லை. மலிவான மாத்திரை, அதில் யாருக்கு என்ன கமிஷன்?

தறிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்க்கும் செவிலியர்கள் எங்கள் பக்கமும் வருகிறார்கள். நல்ல திட்டம். அப்படி வந்த ஒரு தங்கச்சிதான் முதல் வேலையாகப் புண்ணின் நாற்றத்துக்கு வழி சொன்னார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவச் சொன்னார். பத்து மாத்திரை அட்டை, சல்லிக்காசு. நானே கடைக் குழவியில் பொடித்துக் கொடுத்தேன். சில நாளில் நாற்றம் அடங்கி, அதுவரை வாசலோடு நின்று விசாரித்துப் போன சொந்தக்காரர்கள் உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மார்ஃபின் எழுதித் தருவது அவர் அதிகாரத்தில் இல்லை. ஆனால் விடாமல் நாலு இடத்துக்குப் போன் போட்டு, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு மருத்துவமனையைக் கண்டுபிடித்துச் சொன்னார். போய்வர அன்றைய தறிக்கூலி போய்விடும். போனார்.

மாத்திரை வீட்டுக்கு வந்ததும் வேறு சண்டை. "அபினைக் குடுத்துச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாக்குறியா?" என்று பெரியம்மா ஒருவர் கத்தியிருக்கிறார். வயதானவர்களுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றி, இளநீர் கொடுத்து முடித்துவைத்த கதைகள் இருக்கிற பக்கம் இது. அந்த அம்மாள் பயந்ததைக் குறை சொல்ல மாட்டேன். வலிக்குத் தக்க அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. டாக்டர் சொன்னபடி வலிக்காகச் சாப்பிடுகிறவர் போதைக்கு அலைவது அபூர்வம். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபின் எழுதும் டாக்டர் மலமிளக்கியும் சேர்த்து எழுத வேண்டும். அதை என் கடையில்தான் வாங்கினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 10 மில்லிகிராம். படுக்கும்போது இரட்டை அளவு. நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டியதில்லை.

அந்த அக்கா பிழைத்துவிடவில்லை. இரண்டு மாதம்போல இருந்தார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் தூங்கினார், பழையசோறும் சின்ன வெங்காயமும் கேட்டுச் சாப்பிட்டார். சீட்டு பிடித்தவர்களை வீட்டுக்கு வரச்சொல்லி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்த்துக் கணக்கு முடித்தார். கம்மலைப் பெரிய மகளுக்கு எழுதி வைத்ததில் சின்ன மகள் கோபித்துக்கொண்டது தனிக்கதை. பேங்க் கணக்கில் வாரிசுப் பெயரைச் சேர்க்கச் சொல்லித் தம்பியை விரட்டினார். கத்திக்கொண்டே கிடந்தவரால் இதில் எதையாவது செய்திருக்க முடியுமா?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் முதலானவர்கள் தொடங்கிய ஆதரவு சிகிச்சை வேலை, 2008-ல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. அங்கே பஞ்சாயத்துகள் வழியாக வீட்டுக்குச் செவிலியர் போகிறார். நம்மிடம் செவிலியர் வண்டி ஏறி ஊருக்குள் வந்தாகிவிட்டது. மாத்திரையும் எழுதித் தரும் டாக்டரும் தாலுகா அளவுக்கு வந்தால் போதும்.

சுகாதாரத் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையையும் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தலா ஒரு டாக்டரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அதுவரைக்கும், இன்றைய தேதியில் எந்தெந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் என்ற பட்டியலையாவது மாவட்டவாரியாக வெளியிடுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அதைச் சொல்லட்டும். எனக்கு ஒரு நகல் அனுப்பினால் கடை முகப்பில், சர்க்கரை மாத்திரை விளம்பரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டிவிடுகிறேன்.

வாடிக்கையாளர் குடும்பத்தை ஊரில் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்