நெட்டிக் கோபுரத்துக்கு ஏழு கிலோ கூலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் கைவினைக் கடைகள் தாக்குப்பிடித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள், "ஆன்லைனில் விற்றார்கள், பிழைத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் பெரிய கோயிலுக்குள் ஆட்களை விடாமல் நிறுத்தியதும் தஞ்சாவூரில் வாசல் வியாபாரம் படுத்தது உண்மை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்ததும் உண்மை. கையைச் சுட்டது பார்சல்தான்.

நெட்டி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2020-இல்தான் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெட்டி என்பது ஏரி குளங்களில் விளையும் செடியின் தண்டு, பஞ்சு மாதிரி எடை. சின்னக் கோயில் மாதிரி ஒன்று, பெட்டி நீங்கலாகக் கால் கிலோகூடத் தேறாது. கூரியரிலோ நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது நிஜ எடையைவிடக் கூடுதலென்றால் கூலி அதற்குத்தான். 40, 30, 30 அளவுள்ள பெட்டி 7.2 கிலோ ஆகிறது. 4000-ஆல் வகுக்கிற இடத்தில் அதே பெட்டி 9 கிலோ. வாடிக்கையாளருக்கு விலை சொல்வதற்கு முன்பே எதால் வகுப்பார்கள் என்று கூரியரிடம் கேட்டுக்கொள்ளாவிட்டால் லாபம் கூரியரோடு போய்விடும். நெட்டி மாதிரியை மூடும் காட்சிப் பெட்டிக்குக் கண்ணாடியும் வேண்டாம். வழியில் நொறுங்கி நெட்டியையும் கிழிக்கும். அக்ரிலிக் தகடு போதும்.

தலையாட்டி பொம்மைக்கு வேறு வியாதி. பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனியாகக் கம்பிமேல் நின்று ஆடுபவை. கோத்தபடியே அனுப்பினால் குலுங்கலில் கம்பி உள்ளே இடித்து இடித்து ஓட்டை பெரிதாகும். போய்ச் சேர்ந்த பொம்மை ஆடாது, கோணலாகச் சாயும். கழற்றி, ஒவ்வொன்றையும் தனியே சுற்றி, கனமான பீடத்தை அடியில் வைத்து, மாட்டும் வரிசையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். மேலே பபுள் ரேப்பை நேராகச் சுற்றினால் சித்திரை வெயிலில் லாரிக்குள் பெயின்ட் இளகி, பொம்மையின் கன்னத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். முதலில் பட்டர் பேப்பர் சுற்ற வேண்டும். செய்தித்தாள் கூடாது, மை ஒட்டும் (தங்கள் தாளும் விலக்கல்ல, மன்னிக்கவும்). எல்லாப் பக்கமும் மூன்று விரற்கடை விட்டு அடைத்தபின் பெட்டியை உலுக்கினால் சத்தம் வரக்கூடாது.

பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் கட்டாதீர்கள். கணக்கில் ஏறியதைப் பார்த்தபின் கட்டுங்கள்.

பூட்டிக் கிடக்கும் கடையில் சரக்கு சும்மா இருக்காது. காகிதக்கூழ் பொம்மையைக் கரப்பானும் கறையானும் தேடி வரும். பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதே அதற்காகத்தான். அலமாரி சுவரைவிட்டு அரையடி தள்ளி நிற்கட்டும். ஊரடங்கானாலும் வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். நாச்சியார்கோவில் விளக்கு கறுத்தால் புளி போட்டுத் தேய்த்து மீட்கலாம். பூஞ்சை பிடித்த தஞ்சாவூர் ஓவியத்துக்கு அந்த வழி இல்லை.

விற்பனை நின்றதும் பொம்மைக்காரர்களுக்கு ஆர்டரை அடியோடு நிறுத்திய கடைகள், 2020 அக்டோபர் 17-இல் நவராத்திரி வந்தபோது வெறும் அலமாரியோடு நின்றன. ஆடி, ஆவணி வெயிலில் காய்ந்த, வர்ணம் பூசாத உருப்படிகளை மட்டும் வாங்கி வைத்தால் முடங்கும் பணம் குறைவு. பொம்மைக்காரருக்கும் வாரக்கூலி ஓடும். ஆர்டர் வந்தபின் வர்ணம் தீட்டிக்கொள்ளலாம். அடைமழை பிடித்தபின் கூழ் காயாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. பொம்மை அளவுக்கு அட்டைப்பெட்டி அடிக்கச் சொன்னால் நூற்றுக்கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். சின்னக் கடைக்கு வருஷத்துக்கு ஐம்பது போதும். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையம் நாலைந்து அளவுகளில் மொத்தமாக அடித்து, பத்துப் பத்தாக அடக்க விலைக்குத் தர முடியுமா?

இப்படிக்கு,
கைவினைப் பொருள் கடைக்காரர்கள் சிலர்,
தஞ்சாவூர்.