அப்பாவைத் தூக்கிய கைகளுக்கு

அன்புள்ள தெருக்காரர்களுக்கும் அப்பாவின் பட்டாளத்து நண்பர்களுக்கும்,

வணக்கம். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். வந்தவர்களில் பாதிப் பேரிடம் "சாப்பிட்டீங்களா" என்றுகூட நான் கேட்கவில்லை. மன்னிக்கவும்.

86 வயது, கல்யாணச் சாவு என்று எல்லோரும் சொன்னீர்கள். சரிதான். ஆனால் கடைசி எட்டு மாதம் அவர் படுக்கையை விட்டு எழவில்லை. ஆறடி மனிதரை அம்மாவும் நானும் புரட்டிப் படுக்க வைக்க முடியுமா? தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையை மூடிவிட்டு, எதிர்வீட்டு இஸ்திரிக்கார அண்ணன் வந்து தூக்கிவிட்டார். ஒருநாள் காசு நீட்டினேன். "ஐயா அன்னிக்கு என் புள்ளையத் தூக்கினப்ப காசா வாங்கினாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது 2015 டிசம்பர் வெள்ளத்தை. வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எழுபதைத் தாண்டிய அப்பா மூங்கில் கம்பால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூடி திறந்து கிடந்த இரண்டு சாக்கடைக் குழிகளின் பக்கத்தில் கம்பு நட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். தோளில் இஸ்திரிக்கார அண்ணனின் பையன்.

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் அப்பா செய்ததும் இதே வேலைதான் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்பா இருந்த, ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் ஆட்கள் கண்ணிவெடிகளை அகற்றி, டாங்கிகள் போக வழி திறந்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்களாம். அப்பா வீட்டில் போர்க்கதை சொன்னதே இல்லை. கேட்டால், "குளிரு ஜாஸ்தி" என்பார். அவ்வளவுதான்.

பட்டாளத்திலிருந்து வந்து ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில், அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்த இரண்டு மாதமும் எனக்கும் தங்கைக்கும் அவர்தான் தலை பின்னிவிட்டார். கயிற்று முடிச்சுப் போடுகிற கை. சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. வலியில் கண் மட்டும் கலங்கும்.

நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோக்கார தம்பிக்கு, ரத்தம் கொடுத்த மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு, நவம்பரில் ஆயுள் சான்றுக்கு வீட்டுக்கே வந்து, கைரேகை பதியாமல் நாலு தடவை பொறுமையாக முயன்ற வங்கிப் பெண்ணுக்கு, எல்லோருக்கும் நன்றி. (ஒரு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சருக்காக இரண்டு மணி நேரம் வாசலில் வைத்திருந்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.)

பதக்கம் அணிந்து வந்த பெரியவர்களே, ராணுவத்தில் மெட்ராஸ் சாப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆவடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர், நடுங்கும் கையை ஐஸ் பெட்டிமேல் வைத்து, "தம்பி, போயிட்டியா" என்றார். அதுவரை அழாமலிருந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

இன்னும் ஒன்று. மூன்று டிபன் கேரியர்கள் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் நல்ல நிலையில் இருக்கின்றன. யாருக்காவது தேவைப்பட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் பெல் அடியுங்கள்.

அன்புடன்,
மூத்த மகள்
வில்லிவாக்கம், சென்னை