கிரீஸை எண்ணெய்தான் எடுக்கும்

தண்டையார்பேட்டை
ஞாயிறு ராத்திரி

கண்ணு,

நைனா எழுதுறேன். நீ பெங்களூர்லேருந்து அனுப்பின பார்சல் புதன்கிழமையே வந்துடுச்சு. "மூஞ்சி கழுவ எண்ணெயா? செக்கு எண்ணெய் டின்னு ரொம்ப இருக்கு, இதுக்கு ஏன் இவ காசைக் கரியாக்குறா"ன்னு உங்கம்மா அதை பீரோ மேல போட்டுட்டா. நான்தான் எடுத்தேன்.

லாரிக்கு அடியிலயே முப்பது வருஷம் படுத்துக் கிடந்தவனுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. வீல் பேரிங் பிரிச்ச கையை வெறும் சோப்பு போட்டுத் தேய்ச்சா கருப்பு அப்படியே நிக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு உருட்டினா கிரீஸ் இளகி வரும், அப்புறம்தான் சோப்பு. உன் பாட்டிலும் அதே கணக்குதான். சன்ஸ்கிரீன், கண்மை, மூக்கோரப் பிசுக்கு, இதெல்லாம் தண்ணிக்கு அசையாது, எண்ணெய்க்குக் கரையும்.

முதல் நாள் மூஞ்சியை நனைச்சுட்டுப் பூசிட்டேன். பூசின உடனே பாலாட்டம் வெளுத்துப் போச்சு, அழுக்கு இருந்த இடத்துலயே இருந்துச்சு. கண்ணாடி போட்டுப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, கையும் மூஞ்சியும் காய்ஞ்சிருக்கணுமாம்.

மறுநாள் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல ஹார்பருக்கு வரிசை கட்டி நிக்கிற டிரெய்லர் ஒண்ணை ரிப்பேர் பார்த்துட்டு வந்து, ஒரு நிமிஷம் மெதுவா தேய்ச்சேன். கையை எடுத்தா உள்ளங்கை ரேகை பூரா பென்சில்ல வரைஞ்ச மாதிரி கருப்பு. அப்புறம் ரெண்டு சொட்டு தண்ணி. எண்ணெயைத் தண்ணியோட சேர்க்கிற சரக்கு ஒண்ணு அதுல கலந்திருக்காங்க, அதான் வெள்ளையா மாறி வழுக்கிட்டுப் போவுது. நம்ம போர் தண்ணியில சோப்பே நுரைக்காது, இது போயிடுச்சு! அவசரப்பட்டுக் கண்ணைத் திறந்ததுல கொஞ்ச நேரம் டியூப்லைட்டு மட்டும் ரெண்டா தெரிஞ்சுது. கடைசியா நீ சொன்ன மாதிரி ஃபேஸ்வாஷும் ஒரு தடவை போட்டுக் கழுவினேன்.

உங்கம்மா இப்ப கட்சி மாறிட்டா. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி ஒட்டி நெத்தியில பிசின் வட்டமா அழுக்குப் பிடிச்சுக் கிடந்துச்சே, அது நாலே தேய்ப்புல வந்துடுச்சு. ராத்திரி ராத்திரி பாட்டிலை அவதான் தேடுறா.

இன்னொண்ணு சொல்லணும் கண்ணு. நீ பிளஸ் டூ படிக்கிறப்ப அம்மா தினமும் உன் மூஞ்சியில தேங்காயெண்ணெய் தடவிப் படுக்க வைப்பா. நெத்தி பூரா பரு வந்துச்சு. பீச் ஸ்டேஷன்கிட்ட அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், தின்னுதான் இப்படி ஆச்சுன்னு நான் உன்னை ஆளுங்க எதிர்ல கத்தினேன். வெறும் தேங்காயெண்ணெய் தண்ணிக்குப் போகாது, பரு வர்ற தோலுக்கு அது துவாரத்தை அடைக்கும்னு இப்பத்தான் மருந்துக் கடைப் பொண்ணு சொல்லுச்சு. நீ அன்னிக்கு ஒரு வார்த்தை பேசாம தட்டை மூடி வச்சுட்டுப் போனே.

பொங்கலுக்கு வா. பீச் ஸ்டேஷன்ல எறங்குனதும் போன் பண்ணு, நைனா வண்டி எடுத்துட்டு வரேன். வீட்டுக்கு அப்புறம் போலாம், முதல்ல அத்தோ.

நைனா