நம் திரைப்படக் கழகம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். பதினோரு மாதம் நடந்தது. டிசம்பரில் மழைத் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டதால் ரத்து. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்ற படங்களைப் பற்றி மாதக் குறிப்புகளிலேயே எழுதிவிட்டேன். ஆகஸ்ட் திரையிடலை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அன்று போட்டது 'ராஜ பார்வை'. 1981 ஏப்ரலில் வந்த கமல்ஹாசனின் நூறாவது படம். அவரே தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். படம் ஓடவில்லை, பாட்டு இன்றும் ஓடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வாசிக்கும் ரகுவுக்குப் பார்வை கிடையாது. "அவனைப் பற்றிய படத்தை நாம் மட்டும் பார்த்து உச்சுக்கொட்டினால் போதுமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சரி என்று பார்வையற்ற நண்பர்கள் ஆறு பேரை அழைத்தோம். திரையில் நடப்பதைச் சொல்லும் வேலை எனக்கு.

முதல் கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். "சார், வசனம் எங்களுக்கும் கேட்குது. யாரும் பேசாதப்ப மட்டும் சொல்லுங்க" என்றார் ஒருவர். அதற்கப்புறம் அடக்கி வாசித்தேன். ஆனால் ரகுவின் வயலினோடு வாத்தியக் குழு முழுவதும் சேரும் அந்த வார்த்தையில்லாத இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "வில் மேலே போகுது…" என்று ஆரம்பித்தேன். முன் வரிசை அம்மா திரும்பாமலே கையை உயர்த்தி "உஷ்" என்றார். அதோடு சரி. இளையராஜாவுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

'அழகே அழகு' பாட்டிலும் எனக்கு வேலையில்லை, ரகுவின் காதலி நான்சியின் அழகை அங்கம் அங்கமாகக் கண்ணதாசனே சொல்லிவிடுகிறார். படம் வந்த ஆண்டே அக்டோபரில் அவர் மறைந்தார். முந்தைய ஆண்டுதான் சினிமாவுக்கு வந்திருந்த வைரமுத்து எழுதியது 'அந்திமழை'. மழைத்துளி ஒவ்வொன்றிலும் அவள் முகம் தெரிகிறதாம். பார்வையில்லாதவன் இப்படிப் பாடலாமா என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்க, "தெரியுதுன்னா என்னன்னு எங்களுக்கும் தெரியும் சார்" என்றார் ஒரு தம்பி. அரங்கமே சிரித்தது.

கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் வேறொன்று கேட்டார். இளையராஜா ஒலிப்பதிவில் நோட்டேஷனை, அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பைப் பார்த்துத்தானே எல்லோரும் வாசிப்பார்கள், ரகு எப்படி வாசித்தான்? நான் இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன், ஒருமுறையும் தோன்றவில்லை. பதிலும் அவரே சொன்னார்: "ஒரு தடவை வாசிச்சுக் காட்டினா பிடிச்சுக்கலாம். ஆனா கண்டக்டர் கை காட்டுறதுதான் சிக்கல். பக்கத்து ஆள் வில்லை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பார். அதைக் கேட்டு நாமும் எடுக்கணும்."

நான்சியின் தாத்தாவாக வருபவர் எல்.வி.பிரசாத். 1931-ல் இந்தியாவின் முதல் பேசும்படம் 'ஆலம் ஆரா', தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இரண்டிலும் நடித்தவர், 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' இயக்குநர். ஹைதராபாத் கண் மருத்துவமனைக்கு நிலமும் பணமும் கொடுத்தது அவர் குடும்பம். 1987-ல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். இதைச் சொன்னதும் முன் வரிசை அம்மா, "சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் தம்பியைக் கூட்டிட்டு அங்கே போயிருக்கோம். அந்தப் பெயர்க்காரரா இந்தத் தாத்தா?" என்றார். தாத்தாவின் வசனம் வரும் காட்சியை மறுபடி ஓட்டச் சொன்னார், ஓட்டினோம்.

ஒரு குறை. வாடகை அரங்கின் இடது ஸ்பீக்கர் ஆரம்பத்திலிருந்தே கரகரத்திருக்கிறது. விருந்தினர்கள் சொல்லும்வரை நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த முறை முதல் நாளே ஒலியைச் சோதித்துவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு படத்தை இப்படிக் காட்டலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. காட்சியைச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், நிறுத்தத் தெரிந்தவர்களாக. என்னை விட்டுவிடுங்கள். பெயர் கொடுப்பவர்கள் தேநீர் இடைவேளையில் வந்து பார்க்கவும்.