கிளப் படகுகளை எடுத்துச் செல்லும் உறுப்பினர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் கிளப்பின் கீல் படகுகள், அதாவது அடியில் கனமான கீல் வைத்த பாய்மரப் படகுகள், எல்லோருக்கும் பொது. காலையில் ஒருவர் ஓட்டிவிட்டு வந்து கட்டிய படகை, மதியம் இன்னொருவர் பிள்ளைகளோடு எடுத்துப் போகிறார். பெரும்பாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. படகு இரவல் விதிகள் கொஞ்சம் கெடுபிடியாக இருக்கின்றன என்று சிலர் சொன்னீர்கள். எந்த விதி எதற்காக என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது என்று நம்பி இதை எழுதுகிறோம்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். படகு தரைதட்டினால், மணலில் லேசாக உரசியிருந்தாலும் சரி, திரும்பி வந்ததும் பதிவேட்டில் எழுதுங்கள், எங்களில் ஒருவரிடம் நேரிலும் சொல்லுங்கள். கீல் என்பது படகின் அடியில் போல்ட் போட்டு முடுக்கிய கனமான ஈயமோ இரும்போதான். ஓடுகிற வேகத்தில் அது பாறையிலோ திட்டிலோ மோதினால் கீலின் நுனி நின்றுவிடும், படகோ முன்னே போகப் பார்க்கும். அந்த இழுபறியில் கீலின் மேல்பக்கப் பின்முனை படகின் அடிப்பாகத்தை உள்நோக்கிக் குத்தும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, போல்ட்டுகளைச் சுற்றி டார்ச் அடித்துத் தேடினால்தான் மயிரிழை போன்ற விரிசல் கண்ணில் படும்.

2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் 'சீக்கி ரஃபிகி' என்ற பாய்மரப் படகின் கீல் கழன்றுபோய், அதில் இருந்த நான்கு பேரும் உயிரிழந்தார்கள். முன்பு பலமுறை தரைதட்டியதும், அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து படகைப் பலவீனமாக்கியிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் விபத்து விசாரணை அறிக்கை சொன்னது. ஒருவர் சொல்லாமல் விடும் மோதல் அடுத்தவரின் தலையில் விடியலாம். அதனால், உள்ளபடி சொல்பவருக்கு அபராதம் கிடையாது, தடையும் கிடையாது. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கும்வரை யாருக்கும் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான். மறைத்தது தெரியவந்தால் மட்டும் படகு எடுக்கும் உரிமை நின்றுபோகும். இந்த ஒன்றில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மணலில் சிக்கிக்கொண்டால் பதறி மோட்டாரை முடுக்காதீர்கள். குளிர்விக்கும் தண்ணீரோடு மணலும் உள்ளே போய் மோட்டார் கெட்டுவிடும். பாய்களைத் தளர்த்திவிட்டு எல்லோரும் ஒரே பக்கமாக உட்காருங்கள். படகு சாய்ந்தால் கீல் இறங்கியிருக்கும் ஆழம் குறையும். பல நேரம் அதுவே போதும். நீர் வற்றும் நேரமாக இருந்தால் இதை உடனே செய்ய வேண்டும்.

அடுத்தது காற்று. அது 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வேகத்துக்கு மேல் அடித்தால் பெரிய பாயைத் துறையிலேயே ஒரு மடிப்புச் சுருக்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். 20-ஐத் தாண்டினால் படகு கிடையாது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் அழுத்தம் கூடும். அதாவது 10 நாட் 14 ஆனாலே பாயின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும், 20 ஆனால் நான்கு மடங்கு. அனுபவசாலிகள்கூட "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது இங்கேதான். அலைமுகடுகளில் பரவலாக வெள்ளை நுரை தெரிகிறதா, சுக்கான் கை வலிக்கும் அளவுக்கு இழுக்கிறதா, அப்போதே சுருக்கிவிடுங்கள். சாய்வு குறைவதால் வேகமும் பெரிதாகக் குறையாது.

பாய் ஏற்றும் முன்பு, உட்காரும் இடத்தில் உள்ள பெட்டிமூடிகளை எல்லாம் தாழ்போடுங்கள். கீல் படகு பலமாகச் சாய்ந்தாலும் தானே நிமிரும் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீர் உள்ளே புகாதவரைதான். திறந்த மூடி வழியாக நீர் நிரம்பிவிட்டால், காப்பாற்ற வேண்டிய ஈயமே கீழே இழுத்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைத் துறையிலேயே அணிந்துகொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு பேர் போக வேண்டும். யார் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) என்று பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். சுக்கானை யாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு அந்தப் பெயருக்குத்தான். நம் படகுகளில் இரவு விளக்கு இல்லாததால், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். படகு பதிவு செய்த நாளில் வர முடியாவிட்டால், முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட்டால் காத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுப்போம்.

அப்புறம், திரும்பி வந்து கட்டும் வேலை. களைப்பில் இதை அவசரமாக முடித்துவிடத் தோன்றும், ஆனால் படகின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. பாயைப் படபடவென்று அடிக்க விட்டு இறக்காதீர்கள். வெயிலைப் போலவே அதுவும் துணியின் உயிரை எடுத்துவிடும். மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். பாய் ஏற்றும் கயிற்றைப் பாய்மரத்தில் மோதாதபடி இழுத்துக் கட்டுங்கள். படகின் அடியில் தேங்கிய தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை துடைத்து எடுங்கள். அது காய்ந்திருந்தால்தான் அடுத்து வருபவர் அங்கே தண்ணீரைக் கண்டதும் சந்தேகப்படுவார். தண்ணீர் கண்டால் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்காவிட்டால் அநேகமாக மழைநீர். கரித்தால் படகை எடுக்க வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

பழுது எதுவானாலும், அறுந்த நூலோ இறுகிப்போன வின்ச்சோ (கயிற்றை இழுக்கும் உருளை), சுக்கான் கட்டையில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். துணியை நாங்கள் மட்டுமே அவிழ்ப்போம். அது கட்டியிருக்கும் படகு, உங்கள் பெயரில் பதிவாகியிருந்தாலும், அன்று வெளியே போகாது. வேறு படகு இருந்தால் உங்களுக்குத்தான் முதலில் தருவோம்.

அன்புடன்,
படகுப் பராமரிப்புக் குழு